காடை முட்டை வைத்த கை

"யாரு சொன்னா? கூட்டிகினு வா."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அவள் அந்த வீட்டில் காலம் தள்ளினாள். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும். அவளுக்கு இறங்கும். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பாள். யாராவது வந்து, "ஒன்னப் பத்தி இப்பிடிப் பேசிக்கிறாங்க" என்பார்கள். குழவி நிற்காது, தலை நிமிராது. அடித்தொண்டையிலிருந்து அந்தக் கேள்வி வரும். சொன்னது யார் என்று தெரிந்தால் மட்டும் போதாது அவளுக்கு. ஆள் எதிரில் வந்து நிற்கவேண்டும். எங்கள் ஊரிலோ எதையும் யாரும் சொல்வதில்லை. "சொல்றாங்க" என்பார்கள். "பேசிக்கிறாங்க" என்பார்கள். அந்த ஆள் வரவே மாட்டான்.

முதல் தடவையாக ஒன்று வந்தது. அதுவும் ஆள் இல்லை, அம்மன்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாள். பக்கத்து வீட்டுக்காரர் மேல் அம்மன் இறங்கிவிட்டது. வேப்பிலையை ஆட்டிக்கொண்டு தெருவில் வந்தவர் எங்கள் வாசலில் நின்று, "இந்த வூட்ல ஒருத்தி கால் வச்சதுலேருந்து வெளக்கு எரியலடா" என்று கத்தினார். தெருவே கையைக் கூப்பிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"யாரு சொன்னா?" என்றாள்.

"ஆத்தா சொல்றேன்டி!"

அவள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆத்தாவா? வந்துட்டியா? நல்லதாப் போச்சி, ஒக்காரு. புள்ள குடுக்கறது நீதான? எனக்கு ஏன் குடுக்கல? பதிலச் சொல்லிட்டு மலையேறு."

அவர் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஆடினார். கற்பூரம் அணைந்தது. "ஆத்தா மலையேறிட்டாப்பா" என்று யாரோ சொல்லி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவர் மண்வெட்டி இரவல் கேட்டு வந்தார். இவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஆத்தாவ கேட்டு வாங்கிக்கோ போ" என்றாள்.

அவள் எனக்கு ஓரகத்தி. அந்த வீட்டில் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள், இளைய மகனுக்கு நான். நான் "அக்கா" என்பேன். மாமியார் "ஏ இவளே" என்பார். அவள் புருஷன் அதுவும் சொல்லமாட்டார். தொண்டையைச் செருமினால் அவள் வரவேண்டும். அந்த வீடு ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயரை இப்போது ஊர் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறது. நானும் எழுதவில்லை.

பாகூர் ஏரிக்குக் கீழே, செலியமேடு போகிற வழியில் எங்கள் ஊர். அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அக்கா பிறந்த ஊர் அதிக தூரமில்லை. கழனி வழியாகவே நடந்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு வரப்போடு ராஜ்யம் மாறும், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். வண்டிப்பாதையில் போனால் சுங்கச் சாவடியில் சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய் நிற்பான். ஒரு தடவை அவள் தாய்வீட்டுக்குக் கொண்டுபோன மூட்டையை அவிழ்க்கச் சொன்னான்.

"யாரு சொன்னா?"

"துரை உத்தரவும்மா."

"கூட்டிகினு வா. அதுவரைக்கும் இங்கயே ஒக்காந்துகினு இருக்கேன்."

உட்கார்ந்தே விட்டாள். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வண்டிக்காரர்கள் சிப்பாயைத் திட்டினார்கள். கடைசியில் அவனே, "போய்த் தொலைம்மா" என்று வழிமறித்த மரத்தைத் தூக்கிவிட்டான். மூட்டைக்குள் இருந்தது துவைக்காத இரண்டு புடவை.

இதையெல்லாம் சொல்லி ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு மனுஷி எதற்கெடுத்தாலும் இப்படி நிற்கவேண்டி வந்தால், அவளை எத்தனை பேர் எத்தனை தடவை தள்ளியிருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எல்லாவற்றுக்கும் அடி அதுதான். விதைநெல்லில் அவள் கை படக்கூடாது. சடங்கு வீட்டில் முன்னால் நிற்கக்கூடாது. கோழிக்கு முட்டை வைத்து அடை கிடத்தக்கூடாது, அவள் தொட்டால் முட்டையெல்லாம் கூமுட்டை ஆகிவிடும் என்று மாமியாரின் சட்டம். ஆனால் நெல் அவிக்கலாம். சாணி அள்ளலாம். தண்ணீர் இழுக்கலாம். சோறு ஆக்கலாம். அவள் கை பட்ட சோற்றை மூன்று வேளையும் எல்லோரும் தின்றார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வருஷமே எனக்குப் பிள்ளை தங்கிவிட்டது. அது அவளுக்கு இன்னும் கெடுதலாகப் போயிற்று. மாமியார் மூத்த மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்க ஆரம்பித்தார். நெட்டப்பாக்கத்தில் ஒரு பெண் அமைந்தது. ஆவணியில் வந்து வீடு பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். பேச்சு முடிந்தால் மேர் கச்சேரியில், கல்யாணம் பதிகிற பிரெஞ்சு ஆபீசில், எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. அக்காவை என்ன செய்வது என்று நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இருக்கட்டும், மாட்டுக்குப் பக்கத்துல ஒரு மூலையில கெடந்துட்டுப் போறா" என்றார் மாமியார். அவள் புருஷன் அங்கேதான் இருந்தார். புகையிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த ஆடிக் கடைசியில் மல்லாட்டைக் கழனியில், வேர்க்கடலைச் செடிக்கு நடுவே, களை எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆறாவது மாதம். கஞ்சிப் பானையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். களைக்கொட்டோடு முன்னால் போன கூலிக்காரப் பெண் ஒருத்தி "ஐயோ" என்றாள். காலடியிலிருந்து ஒரு காடை விர்ரென்று எழும்பிப் போயிற்று. செடியடியில் பள்ளம் பறித்து ஏழு முட்டை. விரல்நுனி அளவு, மண்ணிறம், மேலே மை தெளித்த மாதிரி புள்ளிகள். செடியைச் சுற்றிக் கொத்திவிட்டதால் கூடு வெட்டவெளியாகக் கிடந்தது. தாய் இனி வராது, காக்கைதான் வரும். அந்தப் பெண் முட்டைகளை அவித்துத் தின்னலாம் என்று பொறுக்கினாள். வைக்க இடமில்லாமல், பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்து, "மடிய விரிம்மா" என்றாள்.

வரப்பிலிருந்து மாமியார் கத்தினார். "அவ மடியில போடாதடி, கூமுட்டை ஆயிடப் போவுது!"

களை எடுத்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவித்துத் தின்னப்போகிற முட்டைதான். இருந்தாலும் சிரித்தார்கள்.

அக்கா மடியை விரித்தாள். ஏழையும் வாங்கிக்கொண்டாள். பதிலுக்குத் தன் பங்குக் கஞ்சியை அப்படியே அந்தக் கூலிக்காரப் பெண்ணிடம் தள்ளினாள். பிறகு மாமியாரைப் பார்த்து, "இத பொரிக்க வைக்கப் போறேன்" என்றாள்.

"நீயா?" மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வச்சிப் பாரேன்."

"பொரிச்சா?"

"பொரிச்சா நெட்டப்பாக்கத்துக்காரங்கள வரவேணாம்னு சொல்லியனுப்பிடறேன். போதுமா?"

"இத யாரு சொன்னா?"

"நான்தான்டி சொல்றேன்!"

"சரி" என்றாள் அக்கா. "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆளு எதிர்லயே நிக்கிது."

அப்போது சிரிப்பு நின்றது.

என் தாய்வீட்டில் சீராகக் கொடுத்த சிறுவிடைக் கோழி ஒன்று இருந்தது. அது முட்டையிட்டு முடித்து, வெறும் கூடையில் அடை கிடந்தது. கிட்டே போனால் இறகை விரித்துக்கொண்டு 'கேர்ர்' என்று சீறும். பெரிய கோழியாக இருந்தால் காடை முட்டையை மிதித்தே உடைத்துவிடும். இது ஒல்லி. வைக்கோலை மெத்தென்று கசக்கிப் போட்டு, கோழிப்பேன் வராமல் இருக்க வேப்பிலை போட்டு, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டும் உடைந்த அரிவாள் மூக்கும் ஓரத்தில் வைத்து, அவளே தன் கையால் ஏழு முட்டையையும் வைத்தாள். என்னைத் தொடவிடவில்லை. "நீ தொட்டா ஒன் கைன்னுடுவாங்க. தூர நில்லு" என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கோழி அவளைக் கொத்தியது. "கொத்து, கொத்து. கோவப்படற ஒருத்தியாச்சும் இந்த வூட்ல இருக்கட்டும்" என்றாள்.

முட்டையில் உயிர் பிடித்துவிட்டது. வெயிலுக்கு எதிரே உள்ளங்கையைக் குழல் மாதிரி மூடிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருட்டுக் கட்டியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சந்தோஷத்தில் மாமியார் காதில் விழும்படி பேசிவிட்டேன் போலிருக்கிறது. அல்லது அவரே பார்த்திருக்கலாம். மறுநாள் அக்கா கழனிக்குப் போயிருந்தாள். மாமியார் நேராகக் கோழிக்கூடை இருந்த கொட்டகைக்குப் போனார். கோழியின் இரண்டு சிறகையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். மாட்டுத் தொட்டியில் முக்கினார். அடை தெளிவதற்கு எல்லோரும் செய்வதுதான். முக்கி எடுத்து, மறுபடி முக்கி, வெயிலில் காலைக் கட்டிப் போட்டார்.

"அத்த, முட்ட இருக்குதே" என்றேன்.

"முட்ட போடாம அடை கெடந்து கெடந்து இளைச்சிப் போவுது ஒன் கோழி. ஒனக்காகத்தான் செய்யறேன்" என்றார். முகத்தில் அவ்வளவு அன்பு.

அக்கா வந்தாள். நனைந்து கிடந்த கோழியைப் பார்த்தாள். கூடைக்குள் கை வைத்தாள். முட்டைகள் சில்லிட ஆரம்பித்திருந்தன. நான் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மாமியாரும் அதைத்தான் எதிர்பார்த்து, கூடத்தில் தயாராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா கூடத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. முட்டைகளை மடியில் போட்டு வயிற்றோடு அணைத்துக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தாள்.

அன்றைக்கு நெல் அவித்திருந்தோம். அண்டாவில் சூடு இருந்தது. ஒரு பானையில் தவிட்டை வறுத்துக் கொட்டினாள். பழைய புடவையைக் கிழித்து மேலே போட்டாள். முட்டைகளை அதில் புதைத்து, பானையை அண்டாவோடு ஒட்டி வைத்தாள்.

"எவ்ளோ சூடு வேணும்க்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? கோழிக்குத் தெரிஞ்சிருக்கும். கோழியத்தான் முக்கிட்டாளே." என் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் வர்றதுக்கு மொத நாளு கழுத்து எப்பிடி இருக்கும்? அந்தச் சூடு. அதுக்கு மேல போனா வெந்துடும். கீழ போனா செத்துடும்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பானைக்கு அடிமையாகிவிட்டாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பாள். உள்ளங்கை காய்த்துப் போயிற்று, சூடு தெரியவில்லை என்பாள். சூடு குறைந்தால் தவிட்டை மாற்றுவாள். ஏறினால் விசிறுவாள். முட்டையைப் புரட்டி வைப்பாள். தண்ணீர் இழுக்கப் போனால் ஏழையும் வயிற்றில் கட்டிக்கொண்டு போவாள். குனிந்து நிமிர முடியாது. நடை மாறிவிட்டது. தெருவில் அவள் நடந்து போவதைப் பார்த்துப் பெண்கள், "எத்தினி மாசம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "பொறுங்கடி, பொறந்ததும் பேர் வைக்கக் கூப்புடறேன்" என்றாள். நாள் முழுவதும் வாயில் வசவுதான். தவிட்டைத் திட்டுவாள், அடுப்பைத் திட்டுவாள், முட்டையைத் திட்டுவாள். "சாவறதுன்னா இப்பவே செத்துத் தொலைங்க, என் வேலையாச்சும் மிச்சம்" என்பாள். சொல்லிக்கொண்டே புடவையைப் போர்த்துவாள்.

பொரித்தன.

ஒரு காலை நேரம், பானைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சத்தம். ஓட்டைச் சுற்றி மூடி திறப்பதுபோல் உடைத்துக்கொண்டு ஒன்று வெளியே வந்தது. ஈரமாக, கட்டைவிரல் நுனி அளவு. பிறகு வரிசையாக, ஐந்து வந்துவிட்டன. இரண்டு மட்டும் உள்ளேயே செத்துப்போயிருந்தன. காய்ந்ததும் ஐந்தும் முதுகில் கோடு கோடாக, வண்டு ஓடுகிற மாதிரி முறத்துக்குள் ஓடின. அக்கா கேழ்வரகு நொய்யும் கரையானும் போட்டாள். கொட்டாங்குச்சித் தண்ணீரில் விழுந்து சாகாமல் இருக்கக் கூழாங்கல் போட்டு வைத்தாள். அவள் சிரித்தாளா என்று கேட்டால், இல்லை. மாமியார் முன்னால் போய் நின்று, "பொரிச்சிடிச்சி. சொல்லியனுப்பு" என்றாள். அவ்வளவுதான்.

மாமியார் முறத்தை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் இருண்டது. பிறகு மலர்ந்தது. முறத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

"பாருங்கடி, எங்க சின்ன மருமவ ராசிய! புள்ளத்தாச்சி கோழி, புள்ளத்தாச்சி கையி! காட்டுப் பறவையே பொரிச்சிடிச்சி பாருங்க!"

"ரெண்டு செத்துப் போச்சாமே?" என்றாள் ஒருத்தி.

"அது ரெண்டும் அவ தொட்டது."

கெட்டால் அவள் கை. பொரித்தால் என் கை. நான் ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லை. எனக்கு அந்த மனுஷி மேல் வந்த ஆத்திரம் இத்தனை வருஷத்தில் ஒரு துளி குறையவில்லை. அவர் செத்து, எல்லாக் காரியமும் முடிந்து, படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறோம். மாலை போடும்போதும் அதுதான் ஞாபகம் வருகிறது.

நெட்டப்பாக்கத்துக்குச் சொல்லியனுப்பவில்லை. சொன்ன நாளில் வண்டி வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்காவின் புருஷன் புது வேட்டி கட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தார். மோர் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் டம்ளர்களோடு அடுப்பங்கரை வாசற்படியில் நின்றேன். எனக்குப் பின்னால் இருட்டில் அக்கா.

மாமியார் முறத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தார். சுபசகுனம் என்றார். "சின்ன மருமவ கை பட்டுது, காடையே பொரிச்சிது. இனிமே இந்த வூட்ல எல்லாம் விருத்திதான். ஒங்க பொண்ணு வந்து கால் வச்சா பாருங்க."

"யாரு சொன்னா?"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த அடிக்குரல். வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா யாரு சொன்னா? ஊரே சொல்லுது" என்றார் மாமியார்.

"ஊர கூட்டிகினு வா."

"ஊரு எதுக்குடி? வச்சவளே எதிர்ல நிக்கிறா. கேட்டுக்கோ." மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஆண்கள் முன்னால் வாய் திறக்காதவள். தெருவில் எதிரே யார் வந்தாலும் ஒதுங்கி நிற்பவள். தலையை மட்டும் ஆட்டுவேன், அது போதும் என்று அவருக்குத் தெரியும்.

டம்ளர்களோடு படியைத் தாண்டிக் கூடத்துக்குள் ஒரு அடி வைத்தேன்.

"நான் வைக்கல" என்றேன். "அக்காதான் வச்சாங்க. அத்த கோழிய எடுத்து மாட்டுத் தொட்டியில முக்கினாங்க. அக்காதான் தவுட்டுல வச்சி, வயித்துல கட்டிகினு பொரிக்க வச்சாங்க. பொரிச்சா ஒங்கள வரவேணாம்னு சொல்லியனுப்பறேன்னு அத்த சொன்னாங்க. கழனியில எல்லாரும் கேட்டாங்க."

மோர் என் புடவையெல்லாம் சிந்தியிருந்தது. குஞ்சுகள் முறத்தில் கத்திக்கொண்டு ஓடின.

பெண்ணின் அப்பா நல்ல குடியானவர். நிதானமாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் பார்வை அக்காவிடமிருந்து மெள்ள நகர்ந்து தூணோரத்துக்குப் போயிற்று.

"ஏம்மா, கை ராசியில நம்பிக்க இருக்கறதுனாலதான இத எங்கிட்ட காட்டன?" என்று மாமியாரைக் கேட்டார். "அப்பிடின்னா இந்தம்மா கை நல்ல கைதான? கோழி இல்லாமலே பொரிக்க வச்சிருக்குதே. அப்ப கொற எங்க இருக்குது?"

தாய்மாமனும் தூணைப் பார்த்தார். அக்காவின் புருஷன் தொண்டையைச் செருமினார். யாரும் வரவில்லை. அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"எங்க பொண்ண இங்க குடுத்துட்டு, நான் போயி தவுட்டுப் பானை வாங்கிகினு வரணுமா?" என்று தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போய், பெண்ணின் அப்பா எதிரில் நின்றாள். நான் அவளை அவ்வளவு கோபமாக அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என் கை நல்ல கைன்னு யாரு சொன்னா?"

"நான்தாம்மா சொல்றேன்" என்றார் அவர், பாவம்.

"நீ யாரு சொல்ல? பொரிக்கலன்னா கெட்ட கையா? அப்ப பொண்ண குடுத்துட்டுப் போயிருப்ப, இல்ல? பொண்ணு குடுக்க வந்த. குடுக்க இஷ்டமில்லன்னா போ. என் கையப் பாக்க ஒன்ன யாரும் கூப்புடல."

அவர் போய்விட்டார். அந்த வண்டி தெரு திரும்புவதற்குள் கதை ஊர் முழுக்கப் போயிற்று. அடுத்த சந்தைக்குள் வில்லியனூர் வரைக்கும் போயிற்றாம். அந்த மூத்த மகனுக்கு அதன்பிறகு யாரும் பெண் கொடுக்க முன்வரவில்லை. மாமியார் தன் கையாலேயே முறத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று சொன்னார்கள். யார் சொன்னார்களோ.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. எந்தத் தெரு சிரித்ததோ அதே தெரு முட்டைக் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. "ஒன் கையால வச்சிக் குடு தாயி." நெல் விதைக்கிறவர்கள் முதல் பிடியை அவள் அள்ளித் தரவேண்டும் என்றார்கள். ஒருத்தி பிள்ளை இல்லாத தன் மகளைக் கூட்டிவந்து, அந்தக் குஞ்சுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். குஞ்சுகளை மூடிவைத்த பஞ்சாரக் கூடைக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். மாமியார்கூட, "ஏ இவளே, அந்தக் கறுப்புக் கோழிக்கு நீயே முட்டைய வையி" என்றார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"போன மாசம் தொட்டா கூமுட்டை. இந்த மாசம் பொன்முட்டையா?" அக்கா கூடையைத் தெருவிலேயே திருப்பி வைப்பாள். "அதே கைதாண்டி. நல்லாப் பாரு. சாணி அள்ளன கை. இன்னும் சாணி நாத்தம்கூட போவல."

குஞ்சுகளைத் தொட வந்த அந்த மகளை மட்டும் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். "வூட்டுக்குப் போ. எவ எது சொன்னாலும் யாரு சொன்னான்னு கேளு" என்று சொல்லியனுப்பினாள்.

ஐப்பசியில் எனக்கு மகன் பிறந்தான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. காடைகள் அதற்குள் முழுசாக வளர்ந்துவிட்டன. பஞ்சாரத்துக்குள் விருட்டென்று எழும்பி மேல்பக்கம் முட்டும். ஊர் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டது, அம்மன் காடை என்று. அவற்றை அக்கா எப்போது கழனியில் விடுவாள், அதற்குப் பூசை போடலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அறைக்கு ஒரு மத்தியானம் மிளகு வாசனை வந்தது. பிறகு மாமியாரின் அலறல். "அடிப்பாவி, வம்சத்தையே அறுத்துட்டாளே! சாமிப் பறவைய அறுத்துட்டாளே!"

"யாரு சொன்னா சாமிப் பறவைன்னு? கூட்டிகினு வா."

ஐந்தையும் அறுத்து, மிளகும் பூண்டும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்திருந்தாள். முதல் கிண்ணம் எனக்கு வந்தது. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிமையில் வைத்துப் பார்த்த முட்டைகள். என் தயக்கம் அவளுக்குத் தெரிந்தது.

"சாப்புடு. பெத்த ஒடம்புக்கு நல்லது" என்றாள். "காடை. வேற ஒன்னுமில்ல."

நான் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். எலும்பைக் கடித்து உறிஞ்சி, கண்ணில் நீர் வரக் காரத்தோடு சாப்பிட்டாள். காரத்தால்தானா என்று நான் பார்க்கவில்லை. ஒரு பங்கை மல்லாட்டைக் கழனியில் முட்டையைப் பார்த்த அந்தக் கூலிக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினாள். ஒன்றைப் புருஷனுக்கு வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஐந்தாவது மாமியாருக்கு. மாமியார் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாவத்தை நான் வாயில் வைக்கமாட்டேன், இந்த வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கூடத்தில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அக்கா அந்தப் பங்கைச் சட்டியில் போட்டு மூடி, அடுப்போரம் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சாயங்காலம் விளக்கேற்ற வந்தவள் சட்டியைத் திறந்தாள். வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. கூடத்தில் மாமியார் அதே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அறை வாசல் வழியாக எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அக்கா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் வாய் திறக்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

யார் தின்றது என்று அவள் கேட்கவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.